அக்டோபர் 31: வாசல் விளக்கை ஏற்றுவதா, அணைப்பதா?

அக்டோபர் 31 ஹாலோவீன்: பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு முதல் அழைப்பு மணி அடித்துவிடும். வாசலில் மூன்றடி உயரத்தில் ஒரு ஸ்பைடர்மேன். அவனுக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு அவன் அம்மா. அந்த நேரத்தில், இது நம் விசுவாசத்துக்கு ஒத்ததா என்று தயங்கும் தமிழ்க் கிறிஸ்தவக் கணவனும் மனைவியும் சமையலறையில் நின்றுகொண்டு "திறக்கலாமா, வேண்டாமா" என்று கிசுகிசுப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே மோசமான வழி. விளக்கு எரிகிறது, உள்ளே ஆள் நடமாட்டம் தெரிகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் கண்ணுக்கு அது விசுவாசமாகத் தெரியாது, கஞ்சத்தனமாகத்தான் தெரியும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் அன்று வாசல் விளக்குக்கு ஒரு பாஷை உண்டு. எரிந்தால் "வாருங்கள்". அணைந்திருந்தால் "இந்த வீடு இல்லை". அணைந்த வீட்டைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பிள்ளைகள் அடுத்த வாசலுக்கு ஓடிவிடுவார்கள். ஆகவே இரண்டுமே மரியாதையான பதில்கள்தாம், முன்கூட்டியே முடிவு செய்திருந்தால். கனடாவில் இருப்பவர்களுக்கு அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாள் நல்ல கெடு. குடும்பம் ஒன்றாக உட்காரும் நாள் அது. பள்ளியிலிருந்து அறிவிப்புத் தாள் வருவதற்கும் இன்னும் சில நாள் இருக்கும்.

உட்காரும்போது "ஹாலோவீன் கொண்டாடலாமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். பிள்ளை என்ன உடுத்துகிறது, யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறது, நம் வீட்டுக் கதவை நாம் திறக்கிறோமா, பள்ளியில் என்ன செய்வது என்று தனித்தனியாக நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான்குக்கும் ஒரே விடை இருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளையை வெளியே அனுப்பாத வீடு கதவைத் திறந்து மிட்டாய் கொடுக்கலாம். பள்ளியின் வேட ஊர்வலத்துக்கு ஒத்துக்கொண்ட வீடு இரவில் வெளியே போகாமல் இருக்கலாம்.

இரு தரப்பும் சொல்லும் அரைகுறை வரலாறு

விலகச் சொல்பவர்கள் "கெல்ட்டியப் பூசாரிகள் நரபலி கொடுத்த நாள்" என்பார்கள். கலந்துகொள்ளச் சொல்பவர்கள் "பெயரே கிறிஸ்தவப் பெயர், முழுக்க நம்முடைய திருநாள்" என்பார்கள். இரண்டிலும் பாதிதான் தேறும்.

பெயர் கிறிஸ்தவப் பெயர் என்பது சரி. நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள் திருநாள். அதற்கு முந்தின மாலையைக் குறித்த பழைய ஆங்கிலத் தொடர் தேய்ந்துதான் ஹாலோவீன் ஆனது. ரோமில் போப் மூன்றாம் கிரகோரி (731–741) புனித பேதுரு ஆலயத்தில் சகல புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அர்ப்பணித்தார். 835-இல், நான்காம் கிரகோரி காலத்தில், நவம்பர் 1 இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட பிராங்கியப் பேரரசு முழுவதற்கும் திருநாள் ஆயிற்று.

அயர்லாந்தில் அதே பருவத்தில் ஒரு பழைய கெல்ட்டிய விழா இருந்ததும் உண்மை. அதன் பெயரை (Samhain) உச்சரிப்புப்படி தமிழில் எழுதினால் "சாவின்" என்று விபரீதமாக வந்து விழும். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பொருளோ கோடையின் முடிவு. மேய்ச்சலுக்குப் போன மந்தையை இறக்கி, குளிர்காலத்துக்கு ஆயத்தமாகும் நாள். அதைப் பற்றி எழுத்தில் கிடைப்பவை பல நூற்றாண்டு கழித்துக் கிறிஸ்தவத் துறவிகள் எழுதி வைத்தவை. அந்த இரவில் இன்ன பலி நடந்தது என்று அடித்துச் சொல்ல அவை போதா. அந்த விழாவை மூடி மறைக்கத்தான் சபை நவம்பர் 1-ஐத் தேர்ந்தது என்ற கதைக்கும் ஓர் இடைஞ்சல் இருக்கிறது: அயர்லாந்தின் பழைய புனிதர் நாட்காட்டியில் சகல புனிதர் விழா ஏப்ரல் மாதத்தில் வருகிறது. நவம்பர் வழக்கம் அங்கே வெளியிலிருந்து வந்து சேர்ந்தது.

வீடு வீடாகப் போகும் பழக்கம் இடைக்கால இங்கிலாந்தில் வேறு உருவில் இருந்தது. ஏழைகள் வாசலில் நின்று, அந்த வீட்டில் மரித்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லிச் சிறு அப்பம் வாங்கிப் போவார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் வேடமிட்டுச் சுற்றினார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து குடியேறியவர்களோடு இதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கைக் கடந்தது, டர்னிப்பின் இடத்தில் பூசணி வந்தது. "ட்ரிக் ஆர் ட்ரீட்" (மிட்டாய் கொடு, இல்லாவிட்டால் குறும்பு செய்வோம்) என்ற கூவல் 1920-களில் மேற்குக் கனடாப் பத்திரிகைகளில் தென்படுகிறது. இரண்டாம் உலகப் போரின் சர்க்கரை ரேஷன் நீங்கிய பிறகுதான் அது நாடு முழுவதும் பரவியது. இன்று தெருவில் நடப்பதில் பெரும்பங்கு நம் தாத்தா பாட்டி காலத்துச் சரக்கு.

தோற்றத்தை மட்டும் தராசில் வைத்து விலக்குவதானால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நிறைய விலக்க வேண்டியிருக்கும். தாலியில் சிலுவையும் புறாவும் பொறித்துக் கட்டிக்கொள்கிறோம், கோலம் போடுகிறோம். எங்கிருந்து வந்தது என்பதைவிட, இன்று அதைச் செய்பவர் என்ன நினைத்துச் செய்கிறார், பார்ப்பவர் என்னவென்று எடுத்துக்கொள்கிறார் என்பதே எடை கூடிய கேள்வி.

வசனங்களைச் சரியான இடத்தில் வைப்பது

உபாகமம் 18-ஆம் அதிகாரம்தான் இந்த விவாதத்தில் முதலில் எடுக்கப்படுவது. குறிசொல்லுதல், அஞ்சனம் பார்த்தல், சூனியம், செத்தவர்களிடத்தில் குறிகேட்டல் என்று அது செயல்களைப் பட்டியலிடுகிறது. ஆறு வயதுப் பிள்ளை தேனீ வேடம் போடுவதை அந்தப் பட்டியலில் திணிக்க முடியாது. ஆனால் பதின்வயதுப் பிள்ளைகள் போகும் பார்ட்டியில் ஆவியிடம் கேள்வி கேட்கும் ஊயிஜா பலகையோ குறிபார்க்கும் டாரட் சீட்டோ மேசைக்கு வந்தால் அது நேராக அந்தப் பட்டியலுக்குள் நிற்கிறது. விளையாட்டுக்குத்தான் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பிள்ளையைப் பார்ட்டிக்கு அனுப்பும் வீட்டார் இந்த ஒரு வரம்பை முன்னாடியே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். "ஒரு ஃபோன் போடு, வந்து கூட்டிக்கொண்டு போகிறோம், கேள்வி கேட்க மாட்டோம்" என்பதையும் சேர்த்து.

"பொல்லாங்காய்த் தோன்றுகிற எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள்" என்ற 1 தெசலோனிக்கேயர் 5:22 அடுத்தது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் "தோன்றுகிற" என்றிருப்பதால், தீமைபோல் கண்ணுக்குப் படுவது எதுவும் ஆகாது என்று வாசித்துவிடுகிறோம். மூலத்தில் உள்ள எய்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு வகை என்றும் பொருள் உண்டு; பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவும் "எல்லா வகையான தீமையையும்" என்றே கொள்கின்றன. தோற்றத்தை வைத்தே எல்லாவற்றையும் ஒதுக்க இந்த வசனம் இடம் கொடுக்கவில்லை.

உண்மையில் இங்கே பொருந்துவது விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும், ரோமர் 14-ஆம் அதிகாரமும்தான். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தீபாவளியன்று பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வரும். "படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எடுத்து வெச்சுட்டோம்" என்று அந்த அக்கா சொல்லிக் கொடுப்பார். அதை வாங்கிச் சாப்பிட்ட வீடும் உண்டு, வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாத வீடும் உண்டு. இரண்டு வீடும் ஒரே சபையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. கடையில் விற்கும் இறைச்சியைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு, "இது படைத்தது" என்று ஒருவன் சொன்னால் அவன் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார் பவுல். ஹாலோவீனுக்கும் அந்தத் தட்டின் நியாயமே போதும்.

அதில் நமக்கென்று ஒரு நுணுக்கம் உண்டு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்குப் பேய் என்பது கடையில் வாங்கிய பிளாஸ்டிக். பில்லி சூனியம், மந்திரித்த தாயத்து, சாமியாட்டம் இவற்றுக்கு நடுவில் வளர்ந்து, அதிலிருந்து வெளியேறி ஞானஸ்நானம் எடுத்த குடும்பத்துக்கு அது பிளாஸ்டிக் அல்ல. அந்த வீட்டு அம்மம்மாவுக்குப் பேரனின் முகத்தில் வரைந்த மண்டையோடு வேடிக்கையாக இருக்காது. அவர் தாண்டி வந்ததைத் திரும்ப வீட்டுக்குள் கூட்டி வந்ததுபோல் இருக்கும். "அமெரிக்காவில் இதெல்லாம் சும்மா" என்று அவரிடம் விளக்குவது பவுல் சொன்ன அன்பின் வழி அல்ல. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் முழுவதும் விலகுவதே சரி என்பது எங்கள் கருத்து. மற்றவர்களுக்கு விடை வேறாக இருக்கலாம்.

முழுவதும் விலகுவதென்றால்

விலகுவதும் ஒரு வேலைதான். திட்டமிடாவிட்டால் அது தண்டனையாகிவிடும். பிள்ளைகளை இருட்டு வீட்டில் உட்கார வைத்தால், திரைச்சீலை இடுக்கில் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை மனதில் விசுவாசம் என்பது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பதாகப் பதியும். ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள்: நீச்சல் குளம், பவுலிங், அல்லது இன்னொரு குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு. எட்டரைக்குப் பிறகு திரும்பினால் தெரு அடங்கியிருக்கும். கிளம்பும்போது வாசல் விளக்கையும், அசைவுக்கு எரியும் விளக்கையும் அணையுங்கள். இரண்டாவதை மறந்துவிட்டு, "அணைத்துத்தானே வைத்தோம், ஏன் மணி அடித்தார்கள்" என்று கேட்பவர்கள் உண்டு.

காரில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் 1975 முதல் 2016 வரையிலான விபத்துப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஹாலோவீன் மாலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குச் சுமார் பத்து மடங்கு. டொராண்டோவில் அன்று ஆறேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், கறுப்பு உடுத்த பிள்ளைகள் நின்றிருக்கும் கார்களுக்கு இடையிலிருந்து வருவார்கள். குடியிருப்புத் தெருவில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

பள்ளிக்கு அக்டோபர் முதல் இரண்டு வாரத்துக்குள் வகுப்பாசிரியருக்கு மூன்று வரியில் எழுதினால் போதும்: எங்கள் குடும்பம் ஹாலோவீனில் பங்கெடுப்பதில்லை, ஊர்வலம் எந்த நேரம் என்று தெரிவியுங்கள், அந்த நேரத்தில் பிள்ளை நூலகத்தில் இருக்கவோ வேறு உதவி செய்யவோ முடியுமா. இறையியல் விளக்கம் வேண்டாம், ஆசிரியர் கேட்கவும் இல்லை. பல பள்ளிகள் வேடத்தை விட்டுவிட்டுக் கறுப்பும் ஆரஞ்சும் உடுத்தி வரச் சொல்கின்றன. அது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கனடாவில் செப்டம்பர் 30-இல் கேட்கப்படும் ஆரஞ்சுச் சட்டை முற்றிலும் வேறு. அது உறைவிடப் பள்ளிகளில் துன்பப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவுக்கானது. "நாங்கள் ஹாலோவீன் பார்ப்பதில்லை" என்று சொல்லி அதையும் மறுத்துவிட்டால் பெரிய மனவருத்தம் ஆகிவிடும்.

பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். "அவங்க எல்லாம் சாத்தானைக் கும்பிடறவங்க" என்று வீட்டில் சொன்னால் மறுநாள் இடைவேளையில் அது அப்படியே இன்னொரு பிள்ளையிடம் போய்ச் சேரும். ஐந்து வயதுக்கு "நம்ம வீட்ல இது செய்றதில்ல, நம்ம வேற செய்வோம்" போதும். பத்து, பதினொரு வயதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அதோடு காரணத்தைக் கேள்வி கேட்கவும் விட வேண்டும்.

கதவை மட்டும் திறப்பது

பெரும்பாலான குடும்பங்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஆண்டில் மற்ற நாட்களில் தலையசைப்போடு நிற்கும் அண்டை வீட்டார் அன்று பிள்ளைகளோடு தாங்களாகவே நம் வாசலுக்கு வருகிறார்கள். பனிக்காலம் பூட்டிப் போடுவதற்கு முன் முகம் பார்க்கும் கடைசி வாய்ப்பும் அதுதான். நம் வாசலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதும் முழுக்க நம் கையில்.

எத்தனை பேர் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும்; இருபதும் வரலாம், இருநூறும் வரலாம். அக்டோபர் நடுவில் பக்கத்து வீட்டில் கேட்பதுதான் நம்பத்தகுந்த வழி. புதிதாகக் குடிவந்தவர்கள் நூறு சிறு சாக்லேட் உள்ள ஒரு பெட்டியோடு தொடங்கலாம்: ஏழு மணி வரை ஆளுக்கு இரண்டு, பெட்டி பாதி ஆனதும் ஆளுக்கு ஒன்று. தீர்ந்துவிட்டால் விளக்கை அணைத்துவிடுங்கள். கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனால் முதலில் வரும் நான்கு பதின்வயதுக்காரர்களோடு கணக்கு முடிந்துவிடும். அது போகட்டும், கதவைத் திறப்பதன் நோக்கமே முகம் பார்ப்பதுதானே?

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகத் தனிக் கிண்ணம் வையுங்கள். ஸ்டிக்கர், குமிழி ஊதும் சிறு குப்பி, பென்சில் என்று இருபது பொருள் போதும். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி இருந்தால் இந்த வீட்டில் உணவல்லாத பரிசும் உண்டு என்று பொருள். அமெரிக்காவில் 2014 முதல் பரவலான வழக்கம் அது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து வைத்தால் பயனில்லை. நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கெட்டி மிட்டாய் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

சுவிசேஷத்தைச் சொல்லும் கைப்பிரதி கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மிட்டாய்க்குப் பதிலாகக் கைப்பிரதி கொடுப்பதைப்போல் சுவிசேஷத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும் செயல் வேறில்லை. மிட்டாய் கேட்டு வந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு நரகத்தின் படம் போட்ட தாள்! கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சிறு சாக்லேட்டை விட்டு முழு அளவுச் சாக்லேட் வாங்குங்கள், பிள்ளைக்கு ஏற்ற படமுள்ளதாகத் தேர்ந்தெடுங்கள், பெற்றோர் அருகில் நிற்கும்போது கொடுங்கள். அதைவிட நல்லது, கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்கான அழைப்பைத் தெரிந்த பெற்றோர் கையில் கொடுப்பது.

அலங்காரம் வேண்டும் என்றால் பூசணி, வைக்கோல், சாமந்தி போதும். பூசணியைச் செதுக்குவதானால் மூடியைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும். சுவரை இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுரண்டினால்தான் வெளிச்சம் வெளியே வரும். இரண்டு, மூன்று நாளைக்கு முன் செதுக்கினால் போதும். ஒரு வாரம் முன்பே செதுக்கினால் 31-ஆம் தேதி பூஞ்சணம்தான் மிஞ்சும். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், பாட்டரி விளக்கு வையுங்கள். பாவாடை கட்டிய பிள்ளைகள் வரும் படிக்கட்டு அது.

பிள்ளையை வெளியே அனுப்புவது

அனுப்பலாம் என்று முடிவெடுத்த வீட்டுக்கு வேடம்தான் முதல் பேச்சு. பேய், பிசாசு, சூனியக்காரி, இரத்தக் காயம் இவை இல்லை என்று கோடு போட்டாலே போதும். மீதிப் பட்டியல் நீளமானது. விலங்கு, தீயணைப்பு வீரர், விண்வெளி வீரர் எல்லாம் இருக்கின்றன. கோட்டை எங்கே போடுவது என்பதைக் கடையில் நின்று பிள்ளையோடு வாதாடாதீர்கள். போகுமுன்பே வீட்டில் பேசி முடியுங்கள்.

தமிழ்ப் பெற்றோர் முதல் வருடம் செய்யும் தவறு குளிரை மறப்பது. டொராண்டோவில் அன்று மாலை ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கலாம், மழையும் வரலாம். உடையை ஒரு அளவு பெரிதாக வாங்கினால் உள்ளே ஜாக்கெட் போடலாம். இல்லாவிட்டால் இளவரசி கவுனுக்கு மேல் கோட்டு போட்டு, பிள்ளை தெருவெல்லாம் அழுதுகொண்டு வரும். முகமூடி பக்கப் பார்வையை மறைக்கும். முகத்தில் வண்ணம் தீட்டுவது மேல். முந்தின நாளே கையில் சிறிது தடவிப் பார்த்துவிடுங்கள். பாவாடை ஓரம் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். முதுகிலும் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள். ஒரு பக்கத்து வீடுகளை முடித்துவிட்டு, சந்தியில் கடந்து மறுபக்கம் வர வேண்டும். குறுக்கும் நெடுக்கும் ஓடும்போதுதான் விபத்து.

அந்நியர் மிட்டாயில் விஷம் வைப்பார் என்ற பயம் பெரும்பாலும் கட்டுக்கதை. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளை அலசியும், முன்பின் தெரியாதவர் வைத்த விஷத்தால் பிள்ளை இறந்த ஒரு நிகழ்வைக்கூட உறுதிப்படுத்த முடியவில்லை. 1974-இல் டெக்சாஸில் இறந்த சிறுவனுக்கு மிட்டாயில் சயனைடு கலந்தவர், காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவன் தகப்பன். உறை கிழிந்ததைத் தூக்கிப்போடுங்கள், அது போதும். கண் வைக்க வேண்டியது சாலையில்.

அளவைக் கிளம்புமுன்பே சொல்லுங்கள்: ஒரு தெரு, ஒரு மணி நேரம். திரும்பி வந்ததும் அன்று சாப்பிட ஐந்து, மீதி அலமாரியில். மிட்டாயை முழுவதும் பறிமுதல் செய்வதற்கு அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

சபையில் மாற்று நிகழ்ச்சி

டிரங்க் ஆர் ட்ரீட் என்று சபை வளாகத்தில் கார்களின் டிக்கியைத் திறந்து வைத்து மிட்டாய் கொடுக்கும் நிகழ்ச்சி பரவியிருக்கிறது. பாதுகாப்பானது, குளிருக்குக் குறுகிய நேரம், சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் இதன் பெருமை கொஞ்சம் ஊதப்பட்டது. அதே 31-ஆம் தேதி அதே நேரத்தில் நடத்தினால், தெருவில் கிறிஸ்தவ வீடுகள் மட்டும் இருட்டாக இருக்கும்; நாமே நம்மோடு மிட்டாய் பரிமாறிக்கொண்டிருப்போம். அண்டை வீட்டார் வர வேண்டும் என்றால் முந்தின சனிக்கிழமை மதியம் வையுங்கள்.

நடத்துகிறவர்கள் கணக்கில்தான் தவறுகிறார்கள். பதினைந்து கார், இருநூறு பிள்ளை என்றால் காருக்கு ஒன்று வீதம் மூவாயிரம் மிட்டாய். ஒவ்வொரு குடும்பமும் நூறு உள்ள ஒரு பெட்டியோடு வந்தால் பாதிப் பிள்ளைகளோடு தீர்ந்துவிடும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் தடவை வந்த விருந்தாளிகள். பையைக் கணக்கிட்டு நுழைவில் கொடுங்கள், எட்டு காரோடு நிறுத்துங்கள், மற்ற இடத்தில் விளையாட்டு வையுங்கள். கார்கள் அரை மணி நேரம் முன்பே நின்று, எஞ்சின் அணைந்து, நுழைவாயில் தடுப்பால் மூடியிருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து கடைசிப் பிள்ளை போகும்வரை ஒரு காரும் அசையக்கூடாது. "எனக்கு அவசரம்" என்று ஒரு மாமா ரிவர்ஸ் எடுப்பதுதான் உண்மையான ஆபத்து. ஒன்டாரியோவில் பிள்ளைகளோடு பணிசெய்யும் தொண்டர்களிடம் காவல்துறையின் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பான வல்னரபிள் செக்டர் சான்றைச் சபைகள் கேட்பது வழக்கம். அது கைக்கு வர வாரங்கள் ஆகலாம், அதனால் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் சில சபைகள் நரகத்தை நடித்துக் காட்டிப் பயமுறுத்தும் நிகழ்ச்சி நடத்துகின்றன. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்கில் பாப்டிஸ்ட் போதகர் ஜெரி ஃபால்வெல் 1972-இல் தொடங்கிய வகை அது. ஹாலோவீனின் பயங்கரம் வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் அதைவிடப் பெரிய பயங்கரத்தைக் கட்டுவது எங்களுக்குப் புரிவதில்லை.

புனிதர் வேடமும் சீர்திருத்த நாளும்

கத்தோலிக்கர்களிடம் பாரிஸ் மறைமாவட்டம் 2002-இல் தொடங்கிய ஹோலிவின்ஸ் முறை இருக்கிறது: பிள்ளைகள் புனிதர் வேடமிட்டு, தங்கள் புனிதரைப் பற்றி இரண்டு வரி சொல்வார்கள். கேரளப் பங்குகளிலும் இது பரவியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆள் பஞ்சமே இல்லை. காவி உடுத்துத் திரிந்த அருளானந்தர், விலங்கு பூட்டப்பட்ட தேவசகாயம் பிள்ளை. எல்லாரையும்விடப் பொருத்தமானவர் ஜோசப் வாஸ். டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த யாழ்ப்பாணத்துக்கு 1687-இல் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து, கழுத்தில் ஜெபமாலையோடு வீடு வீடாகப் போனவர். வேடம், வீடு வீடாகப் போவது, இரண்டும் அவரிடமே இருக்கிறது. பழைய வேட்டியும் ஒரு கோலும் போதும். வேதசாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம். தட்டில் கண்களோடு லூசியா, அம்பு தைத்த செபஸ்தியார், உரித்த தோலோடு பர்த்தலமேயு என்று போனால் ஹாலோவீனே சாதுவாகத் தெரியும்.

லுத்தரன் வீடுகளுக்கு 31-ஆம் தேதி ஏற்கெனவே தங்கள் நாள்தான். 1517-இல் மார்ட்டின் லூத்தர், சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த 95 வாதங்களை வெளியிட்டது சகல பரிசுத்தவான்கள் திருநாளின் முந்தின தினம். இதைப் பிள்ளைகளுக்குச் சுவையாக்குவது கடினம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். வேடத்துக்கும் மிட்டாய்க்கும் எதிரே 95 வாதங்களை நிறுத்தினால் தோல்வி நிச்சயம். அச்சுவேலை கைகொடுக்கும். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி வந்ததைச் சொல்லி, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கில் எழுத்துச் செதுக்கி மை தொட்டு அச்சிட விடுங்கள். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே முதல் அச்சில் கண்டுபிடிப்பார்கள்.

வீட்டுக்குள் கருத்து வேறானால்

கணவன் ஒன்று, மனைவி ஒன்று சொன்னால், தயங்குகிறவர் பக்கம் ஒரு வருடம் நிற்பதே நல்லது. "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை" உடையவனாக இருக்க வேண்டும் என்று ரோமர் 14 சொல்வது ஒருவரை மற்றவர் இழுத்துப் போவதற்கு இடம் வைக்கவில்லை. ஆனால் தயங்குகிறவரும் மாற்று வேலையில் பாதியைத் தலையில் எடுத்துக்கொள்ள வேண்டும்; வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மாலை முழுவதும் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் அந்த வார்த்தைக்கு மதிப்பிருக்காது. முடிவைப் பிள்ளைகளிடம் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். "அப்பாதான் விடல" என்ற வாக்கியம் வரவே கூடாது.

எந்த வழியை எடுத்தாலும் நவம்பர் 2 மிச்சம் இருக்கிறது. ஊரில் கல்லறைத் திருநாள் என்று கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிய கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இங்கே பிள்ளைகளை அழைத்துப் போக ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தால், பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்த கண்ணோடு அதையும் பார்க்கட்டும். கண்ணாடிக் குவளையையும் திறந்த சுடரையும் பல தோட்டங்கள் அனுமதிப்பதில்லை. முன்னாடியே கேட்டுவிட்டு, தேவையானால் பாட்டரி விளக்கு எடுத்துப் போங்கள். பூவைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கழற்றிவிட்டு வையுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னால் போய்விட்டிருந்தால் ஐந்து மணி தாண்டியதுமே இருட்டிவிடும், மூன்று மணிக்கே கிளம்புங்கள்.